எரிய மறுத்த சாண வாயு

4-2-1983, வெள்ளி
யாக்கோபு மேஸ்திரி சாண எரிவாயுத் தொட்டியைக் கட்டி முடித்துவிட்டார். பிள்ளைப்பாக்கத்தில் முதல் தொட்டி என்னுடையது. நம் நாலு மாட்டுச் சாணம் போதாமல், பத்து வீட்டில் கேட்டு வாங்கிக் கரைத்து ஊற்றினோம்.

என் மனைவி செங்கமலத்துக்கு இனி புகையே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அடுப்படியில் இருமுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டால் சோறு இறங்குவதில்லை. அவளோ, “சாணிக் காத்துல சோறாக்குனா ஊரே சிரிக்கும்” என்கிறாள். வாசல் தெளிக்க மட்டும் சாணம் ஆகுமாம்.

27-2-1983
எரிந்தது! நீலமாக! செங்கமலம் எட்ட நின்றே பார்த்தாள்.

1-3-1983
கதவைச் சாத்திக்கொண்டு அதில்தான் காபி போடுகிறாள். கேட்டால் இல்லை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டார் அத்தனை பேரையும் விருந்துக்கு அழைத்துவிட்டேன்.

3-3-1983
வருகிறவர்கள் மூக்கைப் பிடிக்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர் போய் இரண்டு பாட்டில் பினாயில் வாங்கிவந்து, மாட்டுக் கொட்டகையை நானே தேய்த்துக் கழுவினேன். கழுவிய தண்ணீரையும் வீணாக்காமல் தொட்டிக்குள் விட்டேன். எனக்கு இருக்கும் சிக்கனம் இந்த ஊரில் யாருக்கு உண்டு?

6-3-1983, ஞாயிறு
பதினேழு பேர். அரிசி பாதி வேகும்போது அடுப்பு அணைந்தது. அணைந்ததுதான். மாமனார், “இன்னா மாப்ள, மாட்டுக்கு இன்னிக்கு லீவா?” என்றார். செங்கமலம் விறகை மூட்டி, இருமி இருமி ஆக்கிப்போட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

7-3-1983
மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன். அவர் வந்து தொட்டியை மோந்து பார்த்தார். “பினாயில் ஊத்துனது யாரு? கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்கதான் உள்ள காஸ் பண்ணுது. எல்லாத்தையும் சாவடிச்சிட்டு என்கிட்ட வந்து கத்தினுகீற.”

செங்கமலம் மேல் பழியைப் போடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்றேன். மொத்தத்தையும் இறைத்துவிட்டுப் புதுச் சாணம் போட வேண்டுமாம்.

10-3-1983
யாரும் சாணம் தரமாட்டேன் என்கிறார்கள். வரட்டி தட்ட வேண்டுமாம். நாலு வீடு ஏறி வெறுங்கூடையோடு திரும்பினேன். செங்கமலம் கூடையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். “எங்க வூட்டுக்காரருக்கு புத்தி அவ்ளோதான், எனக்காகக் குடுங்க” என்று தெரு முழுக்கச் சொல்லியே நிரப்பிவிட்டாள். மானம் போனது. சாணம் வந்தது.

10-4-1983
மறுபடியும் நீலமாக எரிகிறது. சமைக்கும்போது செங்கமலம் பாடுகிறாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் பாடி இப்போதுதான் கேட்கிறேன். குரல் சுமார். சோறு வெந்த பிறகும் அடுப்படியை ஒட்டியே உட்கார்ந்திருந்தேன்.