மெதுவா ஏறுங்கக்கா

அக்கா,

இன்று காலை உத்திரமேரூர் கிளினிக்கில் புதுப் பெட்டியைப் பிரித்தேன். குப்பென்று ரப்பர் வாசனை. பாத அழுத்தத்தை அளக்கும் பலகை. இதே ஊரில் நடந்த சர்க்கரை நோய் முகாமில் நீ ஏறி நடந்தாயே, அதே மாதிரிப் பலகைதான்.

அன்று புள்ளலூரில் நடவு வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தாய். குழாயடியில் இரண்டு தடவை காலைக் கழுவியும் மனசு ஆறாமல் முந்தானையால் துடைத்தாய். "இம்மாம் பெரிய மெஷினு, ஒடஞ்சிடப் போவுதும்மா" என்றாய். அளக்க வந்த இன்ஜினியர் நான். என் வாய் சும்மா இருந்ததா? "பார்த்து, மெதுவா ஏறுங்கக்கா" என்றேன்.

நீயும் ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் நடப்பதுபோல நடந்தாய். திரையில் எங்கும் பச்சை. அழுத்தம் கூடிய இடம் சிவப்பாகத் தெரியும், அங்கேதான் புண் வரலாம் என்று பயம். "இன்னா சொல்லுது?" என்று கேட்டாய். "நல்லா கீது" என்று உன் பேச்சிலேயே சொல்லிச் சிரித்தேன். கும்பிட்டுவிட்டுப் போனாய்.

மரத்துப்போன அந்தப் பாதத்தில், பெருவிரலுக்கு அடியில் புண் வந்தது. விரலை எடுத்தார்கள், பிறகு காலை. அப்புறம் நீயே இல்லை. பலகையைத் திரும்பச் சோதித்தேன். எடை வைத்தால் சரியாகவே காட்டியது. நீ பயந்து பூப்போல மிதித்த அந்த நடைதான் உன் நடை இல்லை. அப்படி நடக்க வைத்தவள் நான்.

இப்போது இந்தக் கருவிகளுக்குத் தர விதிகள் எழுதும் குழுவில் நானும் ஒருத்தி. நாளை கையெழுத்து. எவ்வளவு எடை தாங்க வேண்டும், எவ்வளவு பிழை இருக்கலாம், எல்லாம் வரைவில் இருக்கிறது. ஏறுகிறவரின் பயம் பற்றி ஒரு வரி இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் ஊர் ஊராக இப்படியே பச்சை காட்டுமே. 'பலகை பழகும்வரை நடக்கவிட்டு, பிறகே அளக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். "இதெல்லாம் கருவியோட தரத்துல வராது மேடம்" என்று குழுவிலிருந்து பதில் வந்தது.

மதியம் சோதனைக்கு வந்த பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். நானே பலகைமேல் ஏறி, தங்கு தங்கென்று மிதித்துக் காட்டினேன். "கெட்டியாத்தான் கீது" என்று சிரித்துக்கொண்டே நடந்தார். குதிகாலில் சிவப்பு எழுந்தது.

அந்த வரி இல்லாமல் நாளை நான் கையெழுத்துப் போடமாட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. 'மெதுவா' என்ற சொல் மட்டும் அன்றிலிருந்து தொண்டையிலேயே கிடக்கிறது, அக்கா. யாரிடமும் சொல்ல வரமாட்டேன் என்கிறது.