சட்டை அவருடையது

அன்பு மகன் நெர்மினுக்கு அம்மாவின் சலாம். இங்கே நானும் பசுவும் அல்லாஹ் புண்ணியத்தில் சுகம், அங்கே வியன்னாவில் நீயும் உன் தொப்பையும் சுகமாக இருக்க வேண்டும். போட்டோ பார்த்தேன், கன்னம் உப்பி நம்ம இமாம் மாதிரி இருக்கிறாய், ரொட்டியைக் குறை. பிளம் இந்த வருஷம் கிளை முறியக் காய்த்தது, ஜாம் காய்ச்சினேன், தின்ன ஆளில்லாமல் பசுவுக்குக் கொஞ்சம் கொடுத்தேன், அதுவும் உன்னைப் போலவே ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டது.

தூஸ்லாவில், போரில் செத்தவர்களோடு காட்டில் தோண்டியெடுத்த உடுப்புகளை விரித்துக் காட்டியபோது அப்பாவின் பச்சைக் கம்பளிச் சட்டையைக் கண்டேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. முழங்கையில் சிவப்பு நூல் போட்டது என் கைதான், அதில் தப்பே இல்லை. ரத்தம் ஒத்துப்போகிறதா பார்க்கும்வரை பொறுங்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னாள், நான்தான் கேளாமல் குழிக்கு இடம்கூடப் பார்த்துவிட்டேன். இப்போது முடிவு வந்துவிட்டது. சட்டை அவருடையது, அதற்குள் இருந்த எலும்பு பக்கத்து வீட்டு ரஸீமாவின் புருஷனுடையது. காட்டு வழியே இரண்டு பேரும் தப்பி நடந்தபோது அந்த மனுஷன் நடுங்கியிருப்பான், இவர் கழற்றிக் கொடுத்திருப்பார், வீட்டு விறகையே ஊருக்குக் கொடுத்தவர்தானே. ரஸீமா அழுதுகொண்டே வந்து, "அக்கா, இத்தன வருசமும் எம் மனுசன் உன் வீட்டுக்காரர் சட்டையிலதான் கிடந்திருக்கான், குளிரடிச்சிருக்காதுன்னு நெனச்சுக்கறேன்" என்றாள். அப்போ துவைச்சுத் திருப்பிக் கொடுடி என்றேன். சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் அழுதோம். ஜூலையில் அவனை அடக்கம் செய்தார்கள். என்னோடு காபி குடிக்க வருகிறவள் அவள் ஒருத்திதான், இப்போது அவளுக்கும் வெள்ளிக்கிழமை போக ஓர் இடம் கிடைத்துவிட்டது.

நானும் விரலை நீட்டினேன். மனைவி ரத்தம் உதவாது, பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள், பிள்ளைகள்தான் வேண்டும் என்றாள் அந்தப் பெண். ஒரே போர்வையில் படுத்தும் என் ரத்தம் அவருக்கு யாரோவாம். தாத்தா பாட்டி போய்ச் சேர்ந்தார்கள், சித்தப்பாவும் அதே காட்டில் போனவர், மிச்சம் நீ ஒருவன். ரத்தம் கொடுத்தால் அப்பாவைச் சாகடித்த மாதிரி என்று போனில் சொன்னாய். நீ கொடுக்காவிட்டாலும் அவர் கதவைத் தட்டப் போவதில்லை, கண்ணு. நானும் இத்தனை வருஷம் தாழ் போடாமல்தான் படுத்தேன், இந்தக் கோடையில்தான் போட்டேன். தூஸ்லாவில் அலமாரிகளில் பெயரில்லாதவர்கள் நிறையப் பேர் வெறும் எலும்பாக இருக்கிறார்கள். அவர் அங்கே இருந்து, நான் முன்னால் நின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த மாதம் வியன்னாவுக்கும் ரத்தம் எடுக்க வருவார்களாம். மறக்காமல் போ, சாப்பிட்டுவிட்டுப் போ, ஊசியைக் கண்டால் விழுகிறவன் நீ. அல்லாஹ் உன் மனதுக்குத் திடம் தரட்டும்.

இன்னும் ஹஜ்ருதினின் மனைவியாகவே இருக்கும்
உன் அம்மா ஷெஃபிகா