டால்பினின் தலைக்குட்டி

அன்புள்ள சுருளியம்மாளுக்கு,

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம். இது என் சொந்தக் கையெழுத்து! இவ்வளவு எழுத இரண்டு நாள் ஆனது, சிரிக்காதே. உனக்குத்தான் முன்பே எழுத்துத் தெரியுமே, நீயே படி.

நான் காவல் இருக்கும் கடல் ஆராய்ச்சிக் கூடத்துக்கு, ஆழ்கடலில் செத்த இரண்டு டால்பின்கள் வந்தன. கரைப்பக்கமே வராத உயிர்கள். ஆனாலும் கொழுப்பு முழுக்கப் பூச்சிமருந்து. நம் உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் அடிப்பதைப் போன்றதுதான். மழையில் கரைந்து, ஆறு வழியாகக் கடலுக்குப் போகிறதாம். பெண் டால்பினிடம் மட்டும் குறைவாக இருந்தது.

“பொம்பளை கெட்டிக்காரி, தப்பிச்சிட்டா!” என்றேன்.

“இல்லை தாத்தா, அந்த மருந்து பாலோட அவளோட தலைக்குட்டிக்குப் போயிடுத்து,” என்றார் அங்கே வேலை பார்க்கும் ஜானவி மேடம்.

உடனே நம் மகள் நினைவுதான் வந்தது. ஆர்த்திக்கு இது ஏழாம் மாதம். இன்னும் மருந்தடிக்கப் போகிறாளா? நான் சொன்னதாகச் சொல்லி நிறுத்து. பயப்படாதே, ஒரு முன்ஜாக்கிரதைக்குத்தான்.

என் பழைய கம்பளியை அனுப்பு. இங்கே புழுக்கம்தான், இருந்தாலும் அனுப்பு.

தபால்பெட்டி திறக்கும் நேரமாகிவிட்டது. ஆர்த்தி நம் தலைப்பிள்ளை. அவளுக்கு நீ பால் கொடுத்த நாட்களில் நாம் இருவரும் மருந்தடித்தோம். அதை மட்டும் அவளிடம் சொல்லாதே.

பெரியமுத்து