டோவி என்கிற பெயர்

அன்புள்ள என் ஊர்சுற்றிக்கு,

நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று தெரியாததால், வெள்ளிக்கிழமை நீ பாடப்போகும் மதுக்கடைக்கே எழுதுகிறேன். நாஷ்வில்லிலிருந்து, என்னிடம் கணக்குப் படித்த லாமர் போன் செய்தான்! உன் பாட்டை வாங்க ஒருவருமில்லை என்று இத்தனை வருடமாகக் கைவிரித்த அதே லாமர்தான். நீ என்மேல் எழுதிய 'டோவி' பாட்டை, பெரிய பாடகர் கேட் ராலண்ட் பதிவுசெய்யப் போகிறாராம்! சோளமாவு கைதவறிக் கொட்டி, இன்னும் தரையில்தான் கிடக்கிறது.

"ஒரே சிக்கல் டீச்சர். டோவிங்கிறது கிழவி பேரு மாதிரி இருக்காம். கெய்லினு மாத்தணுமாம்."

"நான் கிழவிதானேடா! மாத்திக்கட்டும்."

"மாத்தினா, பாட்டு எழுதினவங்கள்ல அவர் பேரும் வரும். இங்க அதான் வழக்கம்."

"விடைத்தாள்ல பேரை மட்டும் மாத்தி எழுதினவனுக்கு நான் மார்க்கே போட்டதில்லன்னு சொல்லு அவர்கிட்ட."

அப்படியே சொல்லிவிட்டு மறுபடி கூப்பிட்டான். ராலண்ட் விழுந்து விழுந்து சிரித்து, பாட்டு எழுதியவர் என்று உன் பெயர் மட்டும் போதும் என்று ஒப்புக்கொண்டாராம்!

இனி உன் சம்மதம்தான் பாக்கி. டோவியைத் தொடவிடமாட்டேன் என்று முறுக்கிக்கொள்வாய், தெரியும். கணக்கில் எக்ஸை ஒய் ஆக்கினால் விடை மாறுமா? உடனே லாமரைக் கூப்பிட்டுச் சரியென்று சொல்.

ஆனால் நம் வீட்டில் பாடும்போது கெய்லி என்று வாய்தவறி வந்தால், அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.

இப்படிக்கு,
பாட்டை விட்டு மட்டும் போகிறவள்