இரண்டு இரவுக்கு ஒரு படுக்கை

புடாபெஸ்ட்
மே 9, வெள்ளிக்கிழமை

அன்புள்ள எமெஷே,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது.

உன் மின்னஞ்சல் வந்தது. பள்ளி இறுதித் தேர்வு எழுதி இருபத்தைந்து வருடம் ஆனதைக் கொண்டாட உங்கள் வகுப்பு கூடுகிறது, அதற்காக இரண்டு இரவு வருகிறாய், சுத்தமான மலிவு விடுதி ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று வரிகள். அவற்றில் நம் வீட்டைப் பற்றி எதுவும் இல்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கப்போவதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதான் முறை. முப்பத்தெட்டு வருடம் வேதியியல் நடத்தியவன் என்பதால் முதலில் சுருக்கம் தருகிறேன்.

1. மலிவு விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்.
2. நான் நேரில் போய்ப் பார்த்த இரண்டு விடுதிகள்.
3. நம் பக்கத்து வீட்டு விடுதியில் ஏன் எக்காரணம் கொண்டும் தங்கக் கூடாது.
4. நம் வீட்டுச் சின்ன அறை ஏன் உனக்குச் சரிப்படாது.

என் கணிப்பு தவறாகவும் இருக்கலாம். எழுபத்து நான்கு வயதுக்காரனுக்கு இளைஞர் விடுதிகளைப் பற்றி என்ன தெரிந்துவிடப்போகிறது? ஆனாலும் கண்ணும் மூக்கும் இன்னும் வேலை செய்கின்றன. மூக்கு வேலை செய்யாமல் இருந்திருந்தால் இந்த வாரம் எனக்கு நல்ல வாரமாக இருந்திருக்கும்.

முதலாவது. புகைப்படங்களை நம்பாதே. எல்லா அறைகளையும் கூரை மூலையிலிருந்து படம் எடுக்கிறார்கள். அலமாரிகூட மண்டபம் போலத் தெரிகிறது. தங்கியவர்கள் எழுதும் கருத்துகளில் புகழ்ச்சியைத் தாண்டிப் போய்விடு. ‘அருமையான சூழல்’ என்றால் யாரும் தூங்குவதில்லை என்று பொருள். மோசமான கருத்துகளை மட்டும் படி, அதுவும் சமீபத்தியவற்றை. ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேர் ஒரே நாற்றத்தைப் பற்றி எழுதியிருந்தால் அந்த நாற்றம் அங்கே இருக்கிறது. எத்தனை படுக்கைக்கு ஒரு குளியலறை என்று கேள். படுக்கையில் உட்காருவதற்கு முன் மெத்தையின் தையல் ஓரத்தை விலக்கிப் பார். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பையைக் கீழே வைக்காமல் வெளியே வந்துவிடு. பூட்டு ஒன்று கையோடு கொண்டு வா. இவ்வளவும் புத்தகப் படிப்பு போன்றதுதான். நேரில் பார்ப்பது வேறு.

இரண்டாவது. கிழக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் விடுதிக்கு முதலில் போனேன். வரவேற்பு மேசையில் உதட்டு வளையம் போட்ட ஒரு பையன். என்னைப் பார்த்ததும், “தாத்தா, முதியோர் இல்லம் அடுத்த தெரு” என்றான். மகளுக்காக வந்திருக்கிறேன் என்றேன். உன் வயதைக் கேட்டான். சொன்னேன்.

“நாப்பத்தி மூணா? பொது அறையில நாப்பதோட சரி. அவங்க வந்து எல்லாரையும் ‘சத்தம் போடாதீங்க’ம்பாங்க. எங்க பேரு கெட்டுடும்.”

நாற்பத்து மூன்று ஒரு குற்றம் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஆனாலும் அறையைக் காட்டினான். காட்டாமல் இருந்திருக்கலாம். அடுக்குக் கட்டில்களின் கம்பியெல்லாம் வெந்நீர்க் குளத்திலிருந்து வந்த ஈர நீச்சல் உடைகள். ஒரு தலையணைக்கு அடியில் எண்ணெய் சொட்டும், பாதி தின்ற லாங்கோஷ் ரொட்டி. அதன் புளிப்புப் பாலாடை உறைக்குள் ஊறிப் போயிருந்தது. சன்னல் விளிம்பில் யாரோ கால் நகத்தை வெட்டி ஒழுங்காக வரிசையாக வைத்திருந்தார்கள். அந்த ஒழுங்குதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்தேன். மஞ்சள், கறுப்பு, செம்பட்டை, ஊதா என்று ஐரோப்பா முழுவதன் முடியும் அங்கே ஒன்றாகத் திரண்டு கிடந்தது. மதியம் சாப்பிடவில்லை.

இரண்டாவது விடுதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாலத்துக்கு அருகில். ஆய்வுக்கூடம் போல வெள்ளை. செயற்கை எலுமிச்சை வாசனை தொண்டையை அடைத்தது. எலுமிச்சையைக் கொட்டி எதை மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் மெத்தையின் ஓரத்தை மெல்லத் தூக்கினேன். புள்ளிகள். கூட வந்த பெண் அசரவில்லை.

“அது பேனா மை சார்.”

கைக்குட்டையின் ஓரத்தை நனைத்துத் தேய்த்தேன். பழுப்புச் சிவப்பாகக் கரைந்து பரவியது. எந்தப் பேனாவிலும் அந்த மை வராது. மூட்டைப்பூச்சிக்கு மட்டுமே வரும்.

“சார், நீங்க நகராட்சியா?”

“இல்லையம்மா. அப்பா.”

“அப்பான்னா? யாரோட அப்பா? மெத்தையக் கீழ விடுங்க முதல்ல.”

விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டேன். படியில் இறங்கும்போது திரும்பி இன்னொரு முறை கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று டிராமில் உட்கார்ந்த பிறகுதான் யோசித்தேன். அந்தக் கைக்குட்டையை வீட்டுக்குக் கொண்டு வரவில்லை.

மூன்றாவது. பல் மருத்துவர் இருந்த பக்கத்து வீடு விடுதியாகி ஆறு வருடம் ஆகிறது, உனக்குத் தெரியும். மாடியின் சுற்றுத் தாழ்வாரத்தில் காலையில் நடந்தால் காலடியைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நம் மாடியிலேயே இருக்கும் ஹ்ருஷ் அம்மாளின் ஜெரேனியப் பூந்தொட்டிகளில் யாராவது வாந்தி எடுக்காத வாரம் கிடையாது. அவள் இப்போது பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறாள், கழுவ வசதி என்று. இத்தனை காலமும் நான் புகார்க் கடிதம் போட்டதோடு சரி, அந்த வாசலை மிதித்ததில்லை. பார்க்காமல் மோசம் என்று எழுதுவது நியாயமாகாதே என்று செவ்வாய்க்கிழமை மதியம் போய்க் கதவைத் தட்டினேன்.

மேசையில் இருப்பவள் பெயர் கிங்கா. மருத்துவம் படிக்கிறாள், பகலில் இங்கே வேலை.

“அட, வாத்தியார் சாரா! ஆறு வருஷமா கடுதாசி மட்டும்தான் வரும். இன்னிக்கு ஆளே வந்திருக்காரு. வாங்க, வாங்க. திட்டறதுன்னா உக்காந்து திட்டுங்க.”

திட்டவில்லை. வந்த காரணத்தைச் சொல்லிவிட்டு என் முறைப்படி பார்த்தேன். படுக்கைகளில் பூச்சி இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் சமையலறை! வாணலியில் மூன்று தலைமுறை எண்ணெய் காய்ந்திருந்தது. பாத்திரம் துடைக்கும் துணியைத் தொட்டேன், அது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த வாணலியிலேயே ஒரு போர்ச்சுக்கல் இளைஞன் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான். கட்டட வேலைக்காகப் பல மாதமாக இங்கேயே தங்கியிருக்கிறானாம். என்னைப் பார்த்தான், கரண்டியை மார்பில் வைத்தான், லேசாக இருமினான், பிறகு நம் மொழியில், சுத்தமான உச்சரிப்பில் சொன்னான்:

“எமெஷே, சின்ன ரூம் காலியாத்தான் இருக்கு. வந்து தங்கிட்டுப் போம்மா.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. கிங்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“அவனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் சார். ரொட்டிக் கடை அம்மாகிட்டயும் அதையேதான் சொல்றான். கோச்சுக்காதீங்க. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கறது சுவரா? பிஸ்கட்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா அதையே ஒத்திகை பாக்க ஆரம்பிச்சிடுவீங்க. ஒரு தடவ சாதாரணமா. ஒரு தடவ சிரிச்சுக்கிட்டே. ஒரு தடவ ஏதோ இப்பத்தான் ஞாபகம் வந்த மாதிரி. அப்புறம் போன் போடுவீங்க. ‘அங்க மழையா? சரி, உடம்பப் பாத்துக்கோ.’ அவ்வளவுதான், வெச்சிடுவீங்க. நாங்க எட்டுப் பேரும் இந்தப் பக்கம் தலையில அடிச்சுக்குவோம்.”

அந்த வாணலியைப் பார்த்து அருவருத்தேன், அந்தத் துணியைப் பார்த்து அருவருத்தேன். ஆனால் அந்த நிமிடம் என்னை நினைத்து வந்த அருவருப்புக்கு முன்னால் அவை ஒன்றுமில்லை. வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

நான்காவது. கோபத்தில் எழுதுவது கூடாது என்பதற்காக, மற்ற விடுதிகளைப் பார்த்த அதே முறையில், புதிய கைக்குட்டையோடு நம் சின்ன அறையையும் பார்த்தேன். கட்டிலாக விரியும் அந்த சோபாவுக்கு அடியில் துடைத்தேன். கைக்குட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. திரைச்சீலையை முகர்ந்தேன், பல குளிர்காலத்து முட்டைக்கோஸ். குளியலறை ஓட்டையில் முடி இருந்தது. எல்லாம் வெள்ளை; குற்றவாளியைத் தேட வேண்டியிருக்கவில்லை. சோபாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் குடுவை. உன் அம்மா கடைசியாகப் போட்ட வெள்ளரி ஊறுகாய். அதற்குள் என்ன வளர்ந்திருந்தது என்று என் படிப்பை வைத்துச் சொல்ல முடியவில்லை. மூடியைத் திறக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பிறகு போட்டேன்.

சோபாவில் படுத்தும் பார்த்தேன். போன தடவை நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “அடுத்த தடவை ஹோட்டல்தான்பா” என்றாயே, உன்னைக் குத்திய கம்பி எது என்று கண்டுபிடித்துவிட்டேன். நீ விளையாட்டாகச் சொன்னாயா, நிஜமாகவே சொன்னாயா என்று இதுவரை எனக்குத் தெரியாது. கம்பி நிஜம்தான்.

மதிப்பெண் போட்டேன். நான்கு இடங்களில் நம் அறைக்குத்தான் கடைசி இடம். ஆகவே சரிப்படாது. மேலே உள்ள சுருக்கத்தை அன்றைக்கே எழுதி வைத்துவிட்டேன், தேதி மட்டும் இன்று போட்டது.

மறுநாள் நம் வட்டாரத்தில் பழைய சாமான்களைத் தெருவில் வைக்கும் நாள். சோபாவையாவது ஒழிக்கலாம் என்று தனியாக இழுத்தேன். அது வாசலில் குறுக்காக மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போக மாட்டேன் என்கிறது, வெளியேயும் வர மாட்டேன் என்கிறது. அதன் உள் பக்கம் நான். சத்தம் கேட்டு கிங்கா ஓடிவந்தாள், பின்னால் போர்ச்சுக்கல்காரன்.

“சார், நீங்க சோபாவத் தள்றீங்களா, சோபா உங்களத் தள்ளுதா? நகருங்க!”

இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். லாரி வருவதற்கு முன்பே யாரோ அதை எடுத்துப் போய்விட்டார்களாம். அந்தக் கம்பியின் மேல் இன்று வேறொருவர் படுத்திருக்கிறார் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. கிங்கா மேலே வந்து வெறும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“இப்படியே வெச்சுக்கிட்டா கூப்பிட இருந்தீங்க அவங்கள? எங்க வாணலியப் பாத்து முகத்தச் சுளிச்சீங்களே சார்!”

வினிகரையும் சோடாவையும் எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். முழங்கால் பிறகு பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சுவரைத் தேய்த்தேன், ஓட்டையைச் சுத்தம் செய்தேன், திரைச்சீலையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். நேற்றுப் புதிய கட்டில் வந்தது. போர்ச்சுக்கல்காரன்தான் பாகங்களைப் பொருத்தினான். ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது, அது எங்கே போக வேண்டியது என்று எனக்கு இன்னும் கவலை. அவனுக்கு ரொட்டியும் கசகசா உருண்டையும் கொடுத்தேன். கை கழுவிவிட்டுச் சாப்பிடச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கழுவினான்.

இன்று காலை மூன்றாவது கைக்குட்டையோடு சோதித்தேன். வெள்ளை. ஏறக்குறைய வெள்ளை.

அந்தப் பக்கத்துச் சத்தத்துக்கு நான் பொறுப்பேற்க முடியாது. நீ இருக்கும் இரண்டு இரவும் வாயைத் திறக்க மாட்டோம் என்று கிங்கா சத்தியம் செய்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தக் கடிதத்தையும் அவளே தபால் பெட்டியில் போடப்போகிறாளாம். என்னிடம் விட்டால் பெட்டி வரைக்கும் போய்விட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவேன் என்கிறாள். அது அநியாயமான பேச்சு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடுவேன். அப்போதும் மழையைப் பற்றித்தான் கேட்பேன், என்னை எனக்குத் தெரியும். நீ மழையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று மட்டும் சொல். சாவி ஹ்ருஷ் அம்மாளிடமும் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன். எந்தக் குறையும் இல்லாமல் வந்து சேர், என் கண்ணே.

முதல் பக்கத்தைத் திருத்தி எழுதியிருக்க வேண்டும். மாணவர்கள் அடித்தெழுதினால் மதிப்பெண் குறைத்தவன் நான். ஆனாலும் அதை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். முதல் மூன்று குறிப்புகளில் ஓரளவு உண்மை இருக்கலாம். நான்காவது தவறு.

உன் அப்பா,
கெல்லேர்ட்