பாகற்காய் காப்பியும் அம்மாவின் மூக்கும்

2012 ஜூன் 18

பள்ளி அறிவியல் கண்காட்சி. எல்லாரும் எரிமலை செய்கிறார்கள். எனக்கு வந்தது மூக்கு. அதுவும் சளியைக் கக்குகிற சாமான்தானே!

மூக்குக்குள் வாசனையைப் பிடிக்க நானூறு வகை ஏற்பிகளாம். வாசனைக்கு ஒன்று என்று கணக்கில்லை. எங்கள் தீவின் அபர்டீன் பஜார் ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி: ஒரு சவாரி வந்தால் நாலைந்து பேர் கை தூக்குவார்கள். யார் யார் தூக்கினார்கள் என்று பார்த்து மூளை சொல்லும், "ஓ, வந்தது காப்பி." சாப்பாட்டு வாசனை வாய்க்குப் பின்பக்கமாகவும் மூக்குக்கு ஏறுமாம். மூக்கைப் பிடித்தால் சவாரியே வராது. நாக்குக்குக் கசப்பு, இனிப்பு, உப்பு, புளிப்பு மாதிரி சுவை மட்டும்தான் தெரியும்.

இதை அப்பாவிடம் சோதிக்காவிட்டால் நான் என்ன பிள்ளை?

ஜூன் 24

பால்பவுடர் பால், சர்க்கரை, பாகற்காய்ச் சாறு. சூடாக. அப்பாவின் கண்ணைக் கட்டி, மூக்கைப் பிடித்து, காப்பி என்று கொடுத்தேன்.

"டிகாக்‌ஷன் சூப்பர். மெயின்லேண்டு தூளா, தமிழு?"

மூக்கை விட்டேன். "அடிக் கழுதை!" எங்கள் லம்பா லைன் பகுதி முழுக்கக் கேட்டிருக்கும்.

அம்மா விற்கிற சாப்பாட்டுக் கேரியர்களைக் கொடுத்துவிட்டு வந்ததும், "அவளுக்கும் குடு" என்று அப்பாவே கிசுகிசுத்தார். அம்மாவின் கண்ணைக் கட்டிக் கொடுத்தேன். மூக்கைப் பிடிக்க மறந்துவிட்டேன்.

"காப்பி ஆறிப்போச்சேடி" என்றாள்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூக்கு திறந்துதானே இருந்தது?

ஜூன் 25

கேட்டேவிட்டேன்.

"மே மாசக் காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசமும் வரலடி. அப்பாகிட்ட சொல்லிடாத, ஊர் பூரா சொல்லிடுவாரு. அப்புறம் ஆபீஸ்காரங்க யாரு என்கிட்ட சோறு வாங்குவா?"

"எப்படிம்மா சமைக்கிற?"

"கடுகு சத்தம் கேக்குது. வெங்காயம் செவக்கிறது கண்ணுக்குத் தெரியுது. உப்பு கைக்குத் தெரியும்."

"மீன் கெட்டுப்போயிருந்தா?"

அம்மா என் மூக்கைப் பார்த்தாள்.

ஜூலை 3

அம்மாவுக்கு மூக்கு வேலை பார்க்கிறேன். சம்பளம்: முதல் வடை. சாம்பார் பாஸ், ரசம் பாஸ். ஐஸ்பெட்டி மீன் ஃபெயில். அவ்வளவையும் அம்மா குப்பையில் கொட்டினாள். நான் முகர்ந்திருக்காவிட்டால்?

அடுப்படியிலேயே கிடப்பதைப் பார்த்து, நான் சமையல் கற்கிறேன் என்று அப்பா ஆபீஸில் பீற்றுகிறாராம். பாவம்.

அப்பாவுக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த டாக்டர் சொன்னது: மூக்கு நரம்பு திரும்பவும் முளைக்கலாம். முளைக்காமலும் போகலாம். தினம் லவங்கம், எலுமிச்சை, காப்பித்தூள் முகரணும்.

ஜூலை 12

லவங்கம் — ஒன்றுமில்லை. எலுமிச்சை — ஒன்றுமில்லை.

ஜூலை 29

காப்பித்தூளை நீட்டினேன். அம்மா முகத்தைச் சுளித்தாள்.

"ஜெட்டித் துறையில கப்பல் பக்கத்துல நிக்கிற மாதிரி டீசல் நாத்தம்டி. இதுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

அவள் அழுதாள். நான் குதித்தேன். மூக்கு ஸ்டாண்டுக்கு ஆள் வந்துவிட்டான்! தப்பான ஆள் கை தூக்குகிறான், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10

கண்காட்சி. எரிமலைக்கு முதல் பரிசு. என் மூக்கு அறுபட்டது.

செப்டம்பர் 2

வழக்கம்போல் சாம்பாரை முகரக் குனிந்தேன். அம்மா முழங்கையால் தள்ளினாள்.

"எட்டப் போடி, எருமை! குளிக்காம அடுப்புகிட்ட வர்ற. வேர்வை நாத்தம் குடலைப் புடுங்குது."

கரண்டி அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"இன்னொரு தடவை சொல்லும்மா."

சொன்னாள். அப்புறம்தான் குளிக்கப் போனேன்.