எர்த் ஒயர்

2 ஆகஸ்ட் 2024, வெள்ளி
ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு மைக் செட்டை எடுத்துத் துடைத்தேன். "ஹலோ, ஹலோ" என்று நானே சொல்லி நானே கேட்டுக்கொண்டேன். மனைவி மகிமா இறந்தபின் இந்த வீட்டில் பேச ஆளில்லை. இன்று பேசியது அவ்வளவுதான்.

5 ஆகஸ்ட்
எங்கள் கச்சேரிக் குழுவில் பாடும் ஜாய்ஸ் ஆஸ்பத்திரியில். எழுத வரவில்லை.

6 ஆகஸ்ட்
முந்தாநாள் தேவாரம் ஊரில் கோயில் கச்சேரி. சாரல் வேறு. ஸ்பீக்கரில் விடாமல் இரைச்சல், கமிட்டிக்காரர்கள் கத்தினார்கள். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுவது எர்த் ஒயர்; ஆம்ப்ளிஃபயரிலிருந்து அதைக் கழற்றினேன், இரைச்சல் நின்றது. இருபது வருடமாகச் செய்வதுதான். தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

கோயில் மேடை என்பதால் ஜாய்ஸ் வெறுங்காலோடு ஏறினாள். பாட மைக்கைப் பிடித்தவள் விடவில்லை — விட முடியவில்லை. நான் ஓடிப்போய் மெயினை அணைக்க எத்தனை விநாடி ஆனது? உயிர் பிழைத்தாள். வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போய்விட்டது.

13 ஆகஸ்ட்
எங்கள் குழுவை நடத்தும் சுருளிராஜன் வந்தான். "ஈரக் காலோட ஏறுனது அந்தப் பிள்ளை தப்புண்ணே. கமிட்டியிலயும் அப்படித்தான் சொல்றாக. இனி வேற ஆளப் பாத்துக்கலாம்." நான் தலையாட்டினேன்.

என்னையே கேட்கிறேன்: ஏண்டா ஜாஸ்பர், அப்ப வாயில என்னத்த வச்சிருந்த?

1 செப்டம்பர்
வேனில் ஏறியதும் "அண்ணே, சாப்பிட்டீகளா?" என்று கேட்பது அவள் ஒருத்திதான். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். எனக்குப் பயம் அதற்குத்தான், போலீசுக்கு இல்லை.

8 செப்டம்பர்
சொல்லிவிட்டேன். போடியில் அவள் வீட்டு வாசலில் நின்றபடியே. "எர்த்தக் கழட்டுனது நாந்தான் தாயி."

அந்த இரண்டு விரலையும் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு மாசமா என் மேலதான் தப்புன்னு நானே நம்பிட்டேனே..." என்றாள். கதவைச் சாத்தினாள்.

சுருளிராஜனுக்கும் போனில் சொன்னேன். பாதியிலேயே வைத்துவிட்டான்.

22 செப்டம்பர்
கச்சேரிக்குக் கூப்பிட்டு ஒரு போனும் வரவே இல்லை. கெட்டுவிட்டதோ என்று வேறு போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

20 அக்டோபர், ஞாயிறு
எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காலையிலேயே மண்ணில் கம்பி அடித்து, உப்புத் தண்ணீர் ஊற்றி எர்த் கட்டினேன். பாட ஜாய்ஸ் வந்திருந்தாள். நான் நீட்டிய மைக்கைத் தொடவில்லை.

"செருப்பக் கழட்டுங்க."

கழற்றினேன். ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து என் காலடியில் ஊற்றினாள்.

"இப்ப நீங்க பிடிங்க."

பிடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவள் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். எதுவரை எண்ணினாள் என்று தெரியவில்லை. பிறகு இடது கையால் மைக்கை வாங்கினாள்.

பாட்டு முழுக்க ஸ்பீக்கரில் இரைச்சல். அதை நிறுத்தச் சொல்லிப் போதகர் சைகை காட்டினார். "இருக்கட்டும் ஐயா" என்றேன்.

போகும்போது, சாப்பிட்டீகளா என்று கேட்கவில்லை. மைக்கை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.